குதிரையின் காலும் தரையின் ஈரமும்: தடை தாண்டும் பந்தயக் களங்கள் நமக்குச் சொல்வது என்ன?

தனுவச்சபுரம்: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள இந்தச் சிற்றூரின் மண்ணைப் பற்றி அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பங்குனி வெயிலில் வெறுங்காலுடன் விளையாட்டு மைதானத்தில் ஓடிப் பார்த்தாலே போதும். செங்கல்லைப் போல் இறுகிக் கிடக்கும் அதே செம்மண், ஆனி மாத மழையில் கால் வைத்தால் வழுக்கும் குழம்பாக மாறிவிடும். இடையில் சில வாரங்கள் மட்டுமே, விழுந்தாலும் அடி அதிகம் படாத பதத்தில் அந்தத் தரை இருக்கும்.

அந்தச் சில வாரப் பதத்தை ஆண்டின் பெரும்பகுதிக்கும் நீட்டிக்க முடியுமா என்பதுதான், உலகெங்கும் குதிரைப் பந்தய மைதானங்களைப் பராமரிப்போர் எதிர்கொள்ளும் கேள்வி. குறிப்பாக, வேலிகளையும் தடைகளையும் தாண்டி ஓடும் பந்தயங்களில், தரை எவ்வளவு ஈரமாக உள்ளது என்பது வெற்றி தோல்வியோடு முடிந்துவிடும் விஷயமல்ல. குதிரையும் அதன் மீதுள்ள வீரரும் உயிரோடு திரும்புவார்களா என்பதையும் அதுவே பெருமளவு தீர்மானிக்கிறது.

சென்னை கிண்டியிலும் உதகமண்டலத்திலும் இருந்த பந்தய மைதானங்களைத் தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு தன் வசம் எடுத்துக்கொண்ட பின்னர், பந்தயக் களம், நிலம், நீர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டிய சூழல் உருவாகியுள்ளது. தென் மாவட்டங்களில் தார்ச்சாலைகளில் நடைபெறும் மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயங்களும் இந்த விவாதத்துக்கு வெளியே நிற்க முடியாது.

தடை தாண்டும் ஓட்டம் ஏன் வேறுபட்டது?

இந்தியாவில் நடைபெறும் பந்தயங்கள் பெரும்பாலும் சமதள ஓட்டங்கள். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இவற்றுக்கு இணையாகத் தடை தாண்டும் பந்தயங்களும் புகழ்பெற்றவை. இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே எய்ன்ட்ரீயில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் நடைபெறும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், குதிரைகள் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு ஓடி, 30 முறை தடைகளைத் தாண்ட வேண்டும்.

பந்தயக் குதிரை ஒன்றின் எடை சுமார் 500 கிலோ. முழு வேகத்தில் ஓடும்போது, தரையைத் தொடும் ஒற்றைக் காலின் மீது உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசை இறங்குகிறது. தடையைத் தாண்டி இறங்கும்போது முன்னங்கால்கள் அந்தச் சுமையை அடுத்தடுத்துத் தாங்க வேண்டும். அக்கணத்தில் தரை சற்றே நெகிழ்ந்து கொடுத்தால் அதிர்ச்சியின் ஒரு பகுதியை மண் ஏற்றுக்கொள்ளும். தரை இறுகியிருந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் எலும்புக்கும், மூட்டுக்கும், முன்னங்காலின் பின்புறமுள்ள தசைநாண்களுக்கும் செல்லும்.

தசைநாண் காயம் ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆறிய பின்னும் பல குதிரைகள் பழைய ஓட்டத்துக்குத் திரும்புவதில்லை. எலும்பு முறிந்தால் பெரும்பாலும் கருணைக்கொலையே முடிவாகிறது. மற்றொரு காரணமும் உண்டு. இறுகிய தரையில் ஓட்டத்தின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் தடையின் முன் கணிப்பு தவறுவதற்கான வாய்ப்பும், விழும்போது ஏற்படும் பாதிப்பும் கூடும். பிரிட்டனில் பல ஆண்டுத் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள், தரை இறுகும்போது ஆபத்து உயர்வதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்துள்ளன.

எனவே தடை தாண்டும் பந்தய மைதானத்தில் நீர் பாய்ச்சுவது புல்லைப் பசுமையாகக் காட்டும் அலங்கார வேலை அல்ல. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

ஈரத்தை அளப்பது எப்படி?

பிரிட்டனில் புல்தரையின் நிலை, கடினம் என்பதில் தொடங்கி இறுக்கம், நன்று முதல் இறுக்கம், நன்று, நன்று முதல் மென்மை, மென்மை, கனம் என ஏழு படிகளாக வகைப்படுத்தப்படுகிறது. கனம் என்பது குளம்பு ஆழப் புதையும் சேற்று நிலையைக் குறிக்கும். 'கடினம்' என்ற நிலையில் தடை தாண்டும் பந்தயத்தை நடத்த அங்கு அனுமதியில்லை. இத்தகைய பந்தயங்களுக்கு 'நன்று' என்ற நிலையையே இலக்காகக் கொண்டு தரையைத் தயார் செய்ய வேண்டும் என்பது பிரிட்டன் குதிரைப் பந்தய ஆணையத்தின் வழிகாட்டுதல்.

முன்பெல்லாம் களப் பொறுப்பாளர் கைத்தடியை மண்ணில் குத்தியும், குதிகாலால் மிதித்தும் நிலையை அறிவிப்பார். உழவர் ஏர் பூட்டுவதற்கு முன் மண்ணை உள்ளங்கையில் பிசைந்து பார்ப்பதைப் போன்ற அனுபவ அறிவு அது. இன்று 'கோயிங் ஸ்டிக்' என்ற கருவி அதற்குத் துணை நிற்கிறது. மண்ணுக்குள் அது இறங்குவதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது, இறங்கிய பின் சாய்த்தால் மண் எவ்வளவு எதிர்க்கிறது என இரண்டையும் கணக்கிட்டு ஓர் எண்ணை அது தருகிறது. முதல் அளவு கடினத்தையும், இரண்டாவது அளவு குளம்புக்குக் கிடைக்கும் பிடிப்பையும் காட்டும். இந்தியப் பந்தய மைதானங்களில் பெனட்ரோமீட்டர் என்ற ஊடுருவல் அளவி பயன்பாட்டில் உள்ளது.

இந்த எண்கள் அலுவலகக் கோப்பில் உறங்குவதற்கானவை அல்ல என்பதுதான் முக்கியம். பந்தயத்துக்குச் சில நாள்கள் முன்பிருந்தே தரை நிலை, பாய்ச்சப்பட்ட நீர், எதிர்பார்க்கப்படும் மழை ஆகியவை பொதுவெளியில் அறிவிக்கப்படுகின்றன. தன் குதிரைக்குப் பொருந்தாத தரை என்று பயிற்சியாளர் கருதினால், விதிகளுக்கு உட்பட்டுக் குதிரையை விலக்கிக்கொள்ள வழியுண்டு. சில குதிரைகள் ஈரத் தரையில் சிறப்பாக ஓடும். சில குதிரைகளுக்கு உலர் தரையே ஒத்துவரும். ஆகவே அறிவிக்காமல் பாய்ச்சப்படும் நீர், பந்தயத்தின் நேர்மையையே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

நீரே ஆபத்தாகும் தருணம்

தரை காய்ந்தால் நீர் ஊற்றினால் போதும் என்று எண்ணுவது எளிது. நடைமுறை அவ்வளவு எளிதல்ல.

முதல் சிக்கல், சமமின்மை. குழாயின் அழுத்தம் மாறினாலும், காற்று திசைமாறி வீசினாலும் ஓரிடம் நனைந்து மறு இடம் காயும். நாற்பது அடி தொலைவுக்குள் இறுகிய தரையும் நெகிழ்ந்த தரையும் மாறி மாறி வந்தால், முழு வேகத்தில் வரும் குதிரையின் கால் தடுமாறும். ஒரே சீராக இறுகிய தரையைவிட இது ஆபத்தானது என்று கருதும் பயிற்சியாளர்களும் உண்டு.

இரண்டாவது சிக்கல், மேல் ஈரம். சிறிது சிறிதாக நாள்தோறும் தெளித்தால் மேலே ஓர் அங்குலம் மட்டும் நனைந்து, அடிமண் கல்லாகவே கிடக்கும். வழுக்கும் மேற்பரப்பும் இறுகிய அடித்தளமும் சேர்ந்த இந்த நிலை, வளைவுகளில் இரும்பு லாடம் அணிந்த குளம்புகளுக்குப் பெரும் இடர். மேலும், நீர் மேலேயே கிடைப்பதால் புல்லின் வேரும் ஆழம் தேடாது. வேர் ஆழமில்லாத புல்தரை, குளம்பு பட்டவுடன் பாளமாகப் பெயர்ந்துவிடும். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுவதும், கூர்முனைகளால் மண்ணைத் துளையிட்டுக் காற்றும் நீரும் உள்ளே இறங்க வழிசெய்வதும் அதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

மூன்றாவது சிக்கல், வானம். வியாழக்கிழமை வரை நீர் பாய்ச்சிய மைதானத்தில் வெள்ளிக்கிழமை இரவு கனமழை பெய்தால், சனிக்கிழமை காலை களம் சேறாகிவிடும். பாய்ச்சாமல் மழையை நம்பிக் காத்திருந்து, மழை பொய்த்தால் தரை இறுகிவிடும். களப் பொறுப்பாளர் எந்த முடிவை எடுத்தாலும் ஒரு தரப்பினர் குறை சொல்வார்கள். குடகனாறோ தாமிரபரணியோ, மடை திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் பாசனப் பொறியாளரின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல.

எய்ன்ட்ரீ கற்ற பாடம்

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், வழக்கத்தைவிட வெப்பம் மிகுந்த நாளில் கிராண்ட் நேஷனல் பந்தயம் நடைபெற்றது. இரு குதிரைகள் உயிரிழந்தன. ஓட்டத்தை முடித்த குதிரைகளின் உடல் வெப்பத்தைத் தணிக்க, வீரர்கள் உடனடியாக இறங்கி, வாளி வாளியாக நீர் ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டும் இரு குதிரைகள் இறந்தன. விலங்குநல அமைப்புகளின் எதிர்ப்பு வலுத்தது.

அதன்பின் மாற்றங்கள் படிப்படியாக வந்தன. தடைகளின் உள்ளே இருந்த மரக்கட்டைச் சட்டம் அகற்றப்பட்டு, மோதினால் வளைந்து கொடுக்கும் பொருள் பொருத்தப்பட்டது. குதிரைகள் இறங்கும் பகுதிகள் சீரமைக்கப்பட்டன. நீர்ப்பாசன வசதி மேம்படுத்தப்பட்டு, இந்தப் பந்தயத்துக்கு 'நன்று முதல் மென்மை' வரையிலான தரையே இலக்கு என்ற நடைமுறை வலுப்பெற்றது. 2023-ல் ஒரு குதிரை முதல் தடையிலேயே விழுந்து இறந்ததைத் தொடர்ந்து, 2024 முதல் பங்கேற்கும் குதிரைகளின் உச்ச எண்ணிக்கை 40-லிருந்து 34-ஆகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அதிவேகம் எடுப்பதைத் தடுக்க முதல் தடை முன்னுக்கு நகர்த்தப்பட்டது. தரை மிகவும் இறுகுவதற்கு முன்பே ஓட்டத்தை முடிக்க ஏதுவாகப் பந்தய நேரமும் மாலை 4 மணிக்கு மாற்றப்பட்டது.

2024-ஆம் ஆண்டு ஈரமான தரையில் நடைபெற்ற பந்தயத்தில் ஒரு குதிரைகூடத் தடையில் இடறி விழவில்லை. ஆனால் 2025-ல் 13 வயதுக் குதிரை ஒன்று ஓட்டத்தின் இறுதிக் கட்டத்தில் நிலைகுலைந்து, சில நாள்களில் உயிரிழந்தது. தரையைச் சீராக்குவது ஆபத்தைக் குறைக்கும். முற்றிலும் நீக்கிவிடாது என்பதையே அடுத்தடுத்த இந்த இரு ஆண்டுகளும் உணர்த்துகின்றன. களைப்பு, வயது, வெப்பம், போட்டியின் நெருக்கம் ஆகிய அனைத்தும் அந்தக் கணக்கில் அடங்கும். இத்தகைய பந்தயம் தேவையா என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்புவோரும் அங்கு குறையவில்லை.

இந்தியாவில் மழையே நாட்காட்டி

இந்தியப் பந்தய உலகம் நீரின் பிரச்சினையை வேறொரு வழியில் அணுகியது. களத்தை மாற்றுவதற்குப் பதிலாக, பருவத்துக்கு ஏற்பக் களத்திலிருந்து களத்துக்குப் பெயர்ந்தது. மும்பை மகாலட்சுமி மைதானத்தில் குளிர்காலப் பந்தயங்கள். தென்மேற்குப் பருவமழை மும்பையை மூழ்கடிக்கும் மாதங்களில் மழை குறைந்த புணேவில் பந்தயங்கள். சென்னையின் கோடை வெயில் புல்லைக் கருக்கும்போது, ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகையின் குளிர்ந்த தரையில் பந்தயங்கள் நடைபெற்றன.

இந்த ஏற்பாடு இப்போது குலைந்து வருகிறது. காரணம் வானிலை மட்டுமல்ல. நகரின் நடுவே நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் யாருக்காக என்ற கேள்வியே முதன்மைக் காரணம். மும்பையில் 211 ஏக்கர் பரப்புள்ள மகாலட்சுமி மைதானத்தின் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்காக மாநகராட்சியிடம் ஒப்படைக்க 2024-ல் வழிவகுக்கப்பட்டது.

தமிழகத்தில் இந்தக் கேள்வி நீண்ட வரலாறு கொண்டது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் இயற்றப்பட்டது. அது திறமை சார்ந்த விளையாட்டே, சூதாட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. பந்தயம் தொடர்ந்தது, நிலம் குறித்த வழக்கும் தொடர்ந்தது. கிண்டியில் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் ஆண்டுக்கு ரூ.614-ஐச் சற்றே தாண்டிய வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. பல நூறு கோடி ரூபாய் வாடகை நிலுவையைச் செலுத்துமாறு 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் குத்தகையை அரசு ரத்து செய்து, மைதானத்துக்கு முத்திரையிட்டது. அதற்கு முன், ஜூலை மாதத்தில், உதகையின் 52 ஏக்கர் மைதானம், ரூ.822 கோடி நிலுவையைக் காரணம் காட்டி மீட்கப்பட்டது.

குளமான களம், களமான ஏரி

இவ்விரு மைதானங்களின் அடுத்த அத்தியாயத்தில்தான் நீர் மீண்டும் வருகிறது.

கிண்டிக்குத் தெற்கே உள்ள வேளச்சேரி, 2015 பெருமழையிலும், 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலின்போதும் நீரில் தத்தளித்த பகுதி. மழைநீரைத் தேக்கி வைக்க மேட்டில் இடம் தேடியபோது, பந்தய மைதானத்தின் மீது பார்வை சென்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் அது பேசப்பட்டது. குத்தகை ரத்தான சில வாரங்களிலேயே அங்கு குளங்கள் வெட்டும் பணி தொடங்கியது. 118 ஏக்கரில் தோட்டக்கலைத் துறை சார்பில் பசுமைப் பூங்கா அமைக்கப்படும் என அரசு அறிவித்தது. குத்தகை ரத்துக்கு எதிராகப் பந்தய மன்றம் நீதிமன்றத்தை நாடியது.

நீர் ஊற்றி வளர்க்கப்பட்ட ஒரு தரை, இன்று ஊரின் வெள்ளத்தைத் தாங்கும் தொட்டியாக மாறுகிறது. உதகையில் நடந்தது இதற்கு நேர்மாறான கதை. 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்ட உதகை ஏரி, இன்றுள்ளதைவிட மிகவும் பரந்து கிடந்தது. காலப்போக்கில் சுருங்கிய அதன் பகுதிகளில்தான் பேருந்து நிலையமும் பந்தய மைதானமும் எழுந்தன. ஏரிப் படுகை ஓடுகளமானது ஓர் ஊரில். ஓடுகளம் குளமாவது இன்னோர் ஊரில். மண்ணுக்கும் நீருக்கும் உள்ள பழைய உறவை மனிதர் எப்படி மாற்றி எழுதினாலும், மழைக்காலத்தில் அது தன் கணக்கைக் கேட்கும்.

ஒரு களத்துக்கு எவ்வளவு நீர்?

விவாதத்தின் மையத்தில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 2,000 மீட்டர் சுற்றளவும் 25 மீட்டர் அகலமும் கொண்ட ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 5 ஹெக்டேர். அதில் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஈடாக ஒருமுறை நீர் பாய்ச்ச 5 லட்சம் லிட்டர் தேவை. 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 40 நடைகளுக்கும் மேல்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் மூலம் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவரப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். மேற்கண்ட ஓடுபாதையில் ஐந்து முறை பாய்ச்சினால், ஒரு ரயில் நீர் தீர்ந்துவிடும். குதிரையின் கால் எலும்பு முக்கியம்தான். குடத்துடன் வரிசையில் நிற்பவரின் முன் அந்த வாதத்தை எப்படி வைப்பது?

இந்தக் கேள்வியின் கூர்மையைத் தனுவச்சபுரம் பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு தங்கியது. ஒட்டியுள்ள விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் மூலம் விளவங்கோட்டின் 9,200 ஏக்கர் நிலத்துக்குக் கிடைத்துவந்த பாசன நீர், 2004-க்குப் பிறகு நின்றுபோனது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். ஒன்றாக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்ட பாசனத்தில் தனக்கு உரிமை உண்டு என்பது தமிழகத்தின் வாதம். 2012-ல் இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் மண்ணிலேயே நீர்ப் பங்கீடு இத்தனை சிக்கலாகும்போது, விளையாட்டுத் தரைக்கு நீர் கேட்பவர் தன் தேவையை வலுவாக நியாயப்படுத்தியாக வேண்டும்.

விடை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் மைதானத்தின் நடுவிலேயே நீரைத் தேக்கி, கோடையில் அதையே பாய்ச்சலாம். ஓடுபாதை சுற்றிலும் அமைய, நடுவில் பரந்த வெற்றிடம் கிடக்கும் பந்தய மைதானத்தின் வடிவமே அதற்கு ஏற்றது. சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நாள்தோறும் மறுசுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் இயங்குகின்றன. தொழிற்சாலைக்குத் தகும் நீர் புல்தரைக்கும் தகும். நகரின் கடைசிச் சொட்டுக் குடிநீரோடு போட்டியிடாத களமே நீண்ட காலம் நிலைக்கும்.

தார்ச்சாலையில் ஓடும் கால்கள்

குதிரைப் பந்தய மன்றங்களின் கதவு மூடப்பட்டதும், 'இது பணக்காரர்களின் விவகாரம்; நமக்கென்ன' என்று பலர் நகர்ந்துவிடக்கூடும். ஆனால் தரை பற்றிய கேள்வி நம் ஊர்ச் சாலைகளில்தான் அதிகம் கேட்கப்பட வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களையொட்டி நடைபெறும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயங்களும், குதிரை வண்டிப் பந்தயங்களும் பெரும்பாலும் தார்ச்சாலைகளிலேயே நடைபெறுகின்றன. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரித்து, பல மைல் தொலைவு ஓட்டப்படுகின்றன. சாரதிகளின் திறமையும், ஊர் மக்களின் உற்சாகமும், நாட்டு மாடுகளை இழக்காமல் வளர்க்கத் தூண்டும் பெருமிதமும் மறுக்க முடியாதவை. அதே நேரம், எய்ன்ட்ரீயின் ஏழு படி அளவுகோலில் தார்ச்சாலைக்கு இடமே கிடையாது. 'கடினம்' என்ற கடைசிப் படியையும் தாண்டிய தரை அது.

சேற்றில் ஓடும் மரபும் நம்மிடையே உண்டு. கர்நாடகக் கடலோரத்தின் கம்பளா, நீர் நிறைத்து உழுத தடத்தில் நடைபெறுவது. அறுவடை முடிந்த வயலில் நீர் தேக்கி நடத்தப்பட்ட கேரளத்தின் மரமடியும் காளப்பூட்டும், உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பின் தடைபட்டன. தமிழகம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் இயற்றிய சட்டத்திருத்தங்களை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18-ஆம் தேதி உறுதி செய்தது. அதோடு, விதிகளைக் கடைப்பிடிக்கும் பொறுப்பும் இந்த மாநிலங்களின் தோளில் ஏறியது.

சல்லிக்கட்டில் இதற்கான முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் களங்களில் காளைகளும் வீரர்களும் விழுந்தால் அடிபடாமலிருக்கத் தேங்காய் நார்க் கழிவு பரப்பப்படுகிறது. தரையை மென்மையாக்கினால் விளையாட்டின் வீரம் குறைந்துவிடும் என்று அங்கு யாரும் வாதிடுவதில்லை. அந்த அக்கறை வாடிவாசலுக்கு வெளியே, எல்கைப் பந்தயச் சாலை வரை நீள வேண்டும்.

பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகள், வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெயிலுக்கு ஓர் எண் கிடைத்திருக்கிறது. காலுக்குக் கீழே உள்ள தரைக்கும் ஓர் எண் வேண்டும் என்பதே தடை தாண்டும் பந்தயக் களங்களின் அனுபவம் முன்வைக்கும் வாதம்.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. சாலைக்குப் பதிலாகக் கண்மாய்க் கரையோரம், ஊர்ப் பொட்டல் போன்ற இடங்களில் மண் தடம் அமைத்து, பந்தயத்துக்கு முந்தைய இரவுகளில் ஆழமாக நீர் விட்டு, மேல் மண்ணைக் கிளறிவிடுவது முதல் படி. சாலையிலேயே நடத்தியாக வேண்டிய நிலையில், தொலைவைக் குறைப்பதும், அதிகாலையிலேயே முடிப்பதும் இரண்டாவது படி. கால்நடை மருத்துவர் ஓட்டத்துக்கு முன் மட்டுமின்றி, முடிந்த மறுநாளும் கால்களைப் பரிசோதித்துப் பதிவு செய்வது மூன்றாவது படி. எந்தத் தரையில், எந்த வெப்பத்தில், எத்தனை விலங்குகள் காயமுற்றன என்ற பதிவுகள்தான் எய்ன்ட்ரீயின் விதிகளை மாற்றின. பதிவே இல்லாத இடத்தில் பாடமும் இருக்காது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. தார்ச்சாலைப் பந்தயத்துக்கு மாடுகள் நாள்தோறும் பழக்கப்படுத்தப்படுகின்றன, லாடம் அடிக்கப்படுகிறது, மண் தடத்தில் சக்கரம் புதைந்தால் வேறு விபத்துகள் நேரும் என்று வளர்ப்போர் கூறுவதில் நியாயம் இருக்கிறது. மேலே சொன்னதுபோல், தவறாக நனைத்த தரை காய்ந்த தரையைவிட மோசமானது. ஆகவே மேலிருந்து திணிக்கப்படும் ஆணையைவிட, மாடு வளர்ப்போரையும் கால்நடை மருத்துவர்களையும் சேர்த்து ஒரு சில ஊர்களில் சோதித்துப் பார்த்து விதி வகுப்பதே பலன் தரும்.

தனுவச்சபுரத்துச் செம்மண் ஆண்டுதோறும் கல்லாகவும் குழம்பாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அதை மாற்ற யாராலும் இயலாது. அதன் மீது எப்போது ஓடுவது, எவ்வளவு நனைப்பது, எப்போது ஓட்டத்தையே நிறுத்திவைப்பது என்பவை மட்டும் மனிதர் கையில் இருக்கின்றன. 'நாளை தரை எப்படி இருக்கும்?' என்று ஓட்டுபவர் கேட்கிறார். ஓடப்போகும் விலங்குக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வாயில்லை. அதற்காகக் கேட்க வேண்டியது நடத்துபவரின் கடமை.